கறித்தூள் விற்று மாலை வகுப்பு நடத்துவது: தொடங்க முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஊருக்குள்ளேயே மாலை வகுப்பு நடத்த வேண்டும், அதை வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பி நடத்தாமல் ஒரு சிறுதொழிலின் இலாபத்தில் நடத்த வேண்டும் என்று யோசிப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பேர். நாங்கள் தொடங்கியதும் அப்படித்தான். வலிகாமம் வடக்கில் இடம்பெயர்ந்து திரும்பிவந்த குடும்பங்கள் இருக்கிற ஒரு கிராமம். தாய்மார் சேர்ந்து யாழ்ப்பாணக் கறித்தூள் இடித்து விற்பது, அந்த இலாபத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு வைப்பது என்பதுதான் திட்டம். வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் இந்த நிலைக்கு வருவதற்குள் 3,40,000 ரூபா போய்விட்டது, திரும்பி வரவில்லை. காசை விட மனம் பட்ட பாடு பெரிது. போய்க் கேட்ட இடமெல்லாம் "நல்ல விசயம், செய்யுங்கோ" என்றுதான் சொன்னார்கள். எந்த மாதம் காசு வெளியே போகும், எந்த மாதம் திரும்பி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படியான முயற்சிகள் நின்றுபோவது பெரும்பாலும் நல்ல மனம் இல்லாததால் அல்ல. அந்த இடைவெளி மாதங்களுக்குக் கையில் காசு இல்லாததால்தான். அதனால்தான் கணக்கை விபரமாகவே எழுதுகிறேன்.

முதலில், இலவசக் கல்வி இருக்கிற நாட்டில் இதற்குத் தேவை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி பெரிய கொடை, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை, பாடப் புத்தகம் இலவசம். ஆனால் யாழ்ப்பாணத்தில் பாதிப் படிப்பு பள்ளிக்கூடம் விட்ட பிறகு காசு கட்டிப் படிக்கும் ரியூட்டரியில்தான் நடக்கிறது. அந்தக் காசு கட்ட முடியாத பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலேயே பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருவது பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை. உயர்தரம் படிக்க ஆறு பாடம் சித்தி வேண்டும், அவற்றில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் திறமைச் சித்தி வேண்டும். கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கு மற்றப் பாடங்கள் எவ்வளவு நல்லாக இருந்தாலும் வழி அடைபடுகிறது. அந்த விழுகை பதினோராம் தரத்தில் தொடங்குவதில்லை. நாலாம் தரத்தில் கடன் வாங்கிக் கழித்தல் விளங்காமல் விட்ட அன்றே தொடங்கிவிடுகிறது.

ஆகவே வகுப்புத் தொடங்குகிற முதல் கிழமை பாடம் ஒன்றும் நடத்த வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்தி ஐந்து நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு பல காலமாகச் செய்துவருகிற முறை இது: எழுத்து, சொல், இலகுவான பந்தி, சிறுகதை என நாலு படி. பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கேயிருந்து தொடங்குவது. எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்ப்பதே இல்லை. தமிழில் இதைச் செய்யும்போது தனி எழுத்தோடு நிறுத்தாமல் கொ, கோ, கௌ வரிசையையும் ல, ள, ழ உள்ள சொற்களையும் கட்டாயம் சேருங்கள். ஏழாம் தரப் பிள்ளை ஒன்று பந்தியை மளமளவென்று சொல்லும். விரலை வைத்து நடுவில் ஒரு சொல்லைக் காட்டினால் நின்றுவிடும். பாடமாக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் இல்லாத பந்தியைக் கொடுத்தால்தான் உண்மை தெரியும். கணக்குக்கு இரண்டு இலக்கக் கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். பிறகு படிநிலைப்படி குழு பிரிக்கும்போது எட்டாம் தரப் பெடியன் நாலாம் தரப் பிள்ளைகளோடு இருக்கக் கூச்சப்படுவான், இரண்டாம் நாள் வரமாட்டான். அதற்கு நாங்கள் கண்ட வழி, பெரிய பிள்ளைகளுக்கு வேறு நேரம் வைப்பது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். சின்னவர்களுக்கு மூன்று மணி, பெரியவர்களுக்கு நாலரை. பெண் பிள்ளைகள் பொழுதுபட முன்னம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அதையும் அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

இடம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சனசமூக நிலையத்தில் மேசை, கதிரை, மின்சாரம் எல்லாம் இருக்கும், வாடகையும் இராது. ஆனால் அது யாருடைய ஒழுங்கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பிள்ளைகள் வருவார்கள் என்பது முடிவாகும். சாதி இங்கே இன்னும் பாதையில் இருக்கிறது. எல்லாருக்கும் பொது என்று அறிவித்துவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் வகுப்புத் தேவைப்படுகிற பிள்ளைகள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கமே ஒரு விறாந்தையோ கொட்டிலோ பாருங்கள். மற்றப் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே வரச் சொல்லுங்கள். சிலர் வரமாட்டார்கள். மனம் நோகும். ஆனாலும் இடத்தை மாற்ற வேண்டாம். கிராம சேவகருக்கும் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அதிபருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அதிபர் ஒத்துழைத்தால் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்க்கலாம். இல்லையென்றால் வகுப்பினால் பயன் உண்டா இல்லையா என்பதை ஊகத்தில்தான் சொல்ல வேண்டிவரும். எந்த நேரமும் வளர்ந்தவர்கள் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் சுவரில் பிள்ளைகள் கண்படும் உயரத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

படிப்பிக்கிறவர்களை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. பங்களாதேசில் ஃபசில் ஹசன் அபெட் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1985இல் ஓரறைப் பள்ளிகள் 22ஐத் திறந்தபோது அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றி ஆசிரியைகள் ஆக்கியது. அந்த வழி இங்கேயும் பொருந்தும். உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு, காத்திருப்பும் நீளம். ஆனால் அவர்கள் கட்டாயம் போய்விடுவார்கள். ஒரே ஒரு ரீச்சரை நம்பி நடத்தினால், அவ போகிற அன்றைக்கு வகுப்பும் முடிந்துவிடும். அதனால் எப்போதும் இருவர். மூத்தவர் படிப்பிக்க, இளையவர் கூடவிருந்து பழக வேண்டும். மூத்தவர் போக மூன்று மாதம் இருக்கும்போதே மூன்றாமவரைத் தேடிவிட வேண்டும். சம்பளம் என்று சொல்லக் கூச்சப்பட்டு "உதவித்தொகை, இயன்றபோது தருவோம்" என்று தொடங்காதீர்கள். மாதம் பிந்தாமல் கொடுக்கிற காசில்தான் வகுப்பு நிற்கிறது.

இனிக் கணக்கு. 2021 விலையில் சொல்கிறேன், இன்றைய விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடுகிற விதம் அதேதான். இரண்டு பேருக்கு 12,000 வீதம் 24,000 ரூபா. முப்பது பிள்ளைகளுக்கு அவித்த கடலை, கௌப்பி, பயறு என்று தலைக்கு 40 ரூபா, கிழமையில் நாலு நாள், மாதம் பதினாறு நாள்: 19,200. இதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பசியோடு வருகிற பிள்ளைக்கு மூன்று மணிக்குப் படிப்பு ஏறாது. கொப்பி, போட்டோப் பிரதி 5,000. மின்சாரம், துப்புரவு 2,000. மொத்தம் 50,200. தூளில் ஒரு கிலோவுக்கு எல்லாச் செலவும் போக 180 ரூபா மிஞ்சினால், மாதம் 280 கிலோ விற்க வேண்டும். இதுவரைக்கும் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். விடுபடுவது அடுத்த வரி. ஒரு கிலோவுக்குச் செத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, மற்றச் சரக்கு, மில் கூலி, தாய்மாரின் கூலி, பை எல்லாம் சேர்த்து 800 ரூபா முடங்குகிறது. 280 கிலோவுக்கு 2,24,000. கடைக்காரர் இரண்டு மாதக் கடனில் எடுத்தால், செத்தல் வாங்குகிற நாளிலிருந்து காசு கைக்கு வர மூன்று மாதம். அப்படியென்றால் 6,72,000 ரூபா எப்போதும் சுழலில் நிற்க வேண்டும். எங்களிடம் இருந்தது நாலு இலட்சம். மிச்சம் நகை அடகிலும் சீட்டிலும் வந்தது. நகை எடுத்துக்கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன மாதங்கள் உண்டு. புத்தகத்தில் இலாபம் இருக்கும், பெட்டியில் காசு இராது. அந்த நிலையில் ரீச்சர் பிள்ளைக்குச் சம்பளம் பிந்தும்போது வருகிற வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கசிகிற இடங்கள் அங்கேதான். அளவு வீட்டுக்கு வீடு மாறும். நாங்கள் செத்தலும் மல்லியும் சரிசமமாகக் கிலோவுக்குக் கிலோ, அதற்குப் பெருஞ்சீரகம் 200 கிராம், சின்னச்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, இரண்டு கை கறிவேப்பிலை என்று வைத்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது. மல்லி மணம் எழும்புகிற நேரத்துக்குள் வெந்தயம் கருகிக் கைக்கும். ஒவ்வொன்றும் வேறாக, செத்தல் கடைசியாக, மெல்லிய நெருப்பில். பத்துக் கிலோ சரக்குக் கொண்டுபோனால் ஒன்பது, கூடினால் ஒன்பதே கால் கிலோதான் தூளாகத் திரும்பும். ஈரம் கொஞ்சம், மில்லுக்குள் தங்குவது கொஞ்சம். இந்தக் குறைவை விலையில் சேர்க்காமல் விட்டால் இலாபத்தில் பாதியளவு அங்கேயே போய்விடும். மில்லில் உங்களுக்கு முதல் யாரோ அரிசி மா அரைத்திருப்பார்கள். முதலில் விழுகிற அரைக் கிலோவைப் புறம்பாக எடுத்து வீட்டுப் பாவனைக்கு வைத்துவிடுங்கள், பைக்குள் போக விடாதீர்கள். மில்லிலிருந்து வரும்போது தூள் சுடும். ஓடர் அவசரம் என்று சூட்டோடு பையில் போட்டு ஒட்டினால், பையின் உட்பக்கம் நீர் பூக்கும். பத்து நாளில் தூள் கட்டிபடும், பிறகு பூஞ்சணம். தட்டுகளில் பரவி, கையை உள்ளே விட்டால் குளிர்ந்திருக்கும் வரை, ஐந்தாறு மணித்தியாலமாவது விட வேண்டும். ஒரு தொகுதி முழுக்க எங்களுக்குத் திரும்பி வந்தது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் செத்தல் காயவே காயாது. ஈரச் செத்தலில் பிடிக்கிற பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமலே நஞ்சாகும். ஆவணி, புரட்டாதிக்குள் காயவைத்து இருப்பு எடுத்துவிட வேண்டும், அதற்கும் காசு முடங்கும். பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) முறைப்பாடு வந்த பிறகு சந்திக்காமல், தொடங்க முதலே கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பையில் பெயர், உள்ளடக்கம், நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தி, காலாவதித் திகதிகள், விலை, முகவரி எல்லாம் இருக்க வேண்டும். மூன்று மொழியிலும் போடுங்கள். பெரிய அளவில் பை அச்சடிக்க முன்னர் இதை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

யாருக்கு விற்பது என்பதில்தான் ஆக அதிகம் அடிபட்டோம். ஒரு பெரிய கொள்வனவாளர் மாதம் 200 கிலோ எடுக்க வந்தார். ஊரே சந்தோசப்பட்டது. விலை ஆறு மாதத்துக்கு மாறாது, இரண்டு மாதக் கடன், விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்பது உடன்படிக்கை. 2022 பங்குனியில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. செத்தலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருவது, அதன் விலை இரட்டித்தது. எங்கள் விற்பனை விலை அசையவில்லை. பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மில் ஓடுகிற நேரத்தை நாங்கள் காத்துநின்று பிடிக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் தரவேண்டிய காசு மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஒரு பகுதிதான் வந்தது. அதே நேரம் கொப்பி விலையும் ஏறி, வீடுகளில் அடுப்பே சிரமமாகி, பிள்ளைகள் முன்னரை விடக் கூட வகுப்புக்கு வந்தார்கள், அந்தச் சிற்றுண்டிக்காகவே வந்தவர்களும் உண்டு. தொழில் படுக்கிற காலத்தில்தான் வகுப்பின் தேவை எழும்புகிறது. இந்த முறையின் அடிப்படைக் கஷ்டமே இது. ஆகவே ஒரே ஆளுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். விலையை மாதத்துக்கு ஒருமுறை செத்தல் விலையோடு சேர்த்து மாற்றலாம் என்று எழுத்தில் போடுங்கள். திரும்பி வருகிற சரக்குக்கு எல்லை வையுங்கள். சிறிய கடைகள், கையில் காசு தருபவை, எடுப்பது குறைவாக இருந்தாலும் அவைதான் மூச்சு. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் அதை ஒட்டிய வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் வருசத்தில் ஆகச் சிறந்த காலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கிலோக்கணக்கில் கட்டிக்கொண்டு போவார்கள், கையோடு காசு. அந்த மாதக் காசைத் தொடாமல் மழைக்கால இருப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

தாய்மாருக்குக் கூலி கொடுக்கிற நாளையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். இந்த வீடுகளில் நுண்கடன் எடுக்காத வீடு குறைவு. கிழமைக்கு ஒருமுறை குழுவாகக் கூடித் தவணை கட்ட வேண்டும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். எங்கள் குழுவில் அது புதன்கிழமை. புதன் வந்தால் வேலைக்கு ஆள் குறையும், வகுப்பிலும் பிள்ளை குறையும். கடன்காரர் வாசலுக்கு வந்தால் "அம்மா இல்லை" என்று சொல்லப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அம்மா பின்வளவால் போயிருப்பா. இது விளங்கிய பிறகு கூலியைச் செவ்வாய் பின்னேரம் கொடுக்கத் தொடங்கினோம். புதன் வரவு கூடியது. வேறு ஒன்றும் செய்யவில்லை, சம்பள நாளை மாற்றினோம், அவ்வளவுதான். முடிந்தால் ஊர்ச் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்களைச் சேர்த்துவிடுங்கள், வட்டி எவ்வளவோ குறைவு.

பதிவு விசயத்தில் ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட வேண்டாம். தூள் தொழிலுக்கு வணிகப் பெயர்ப் பதிவு, பிரதேச செயலகத்தினூடாகச் செய்யலாம், செலவு சொற்பம். வகுப்பைச் சனசமூக நிலையம் அல்லது மாதர் சங்கத்தின் கீழ் அதன் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக எழுதி நடத்தலாம். இரண்டுக்கும் வேறு வேறு வங்கிக் கணக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு கையொப்பம். வளர்ந்த பிறகு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம், அதில் இலாபத்தை உறுப்பினர்கள் பங்கிட முடியாது. ஆனால் கணக்காய்வு, செயலாளர் என்று வருசாவருசம் செலவு வரும். முதல் வருசத்திலேயே அந்தச் சுமை வேண்டாம். வெளிநாட்டுக் காசைத் தனியாள் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். வங்கி கேட்கும், பிறகு ஊரும் கேட்கும்.

வெளிநாட்டு உறவுகள் உதவ ஆசைப்படுவார்கள், அது பெரிய பலம். ஆனால் அவர்கள் தர விரும்புவது கட்டடம், கணினி, பெயர்ப்பலகை. ஆசிரியைச் சம்பளத்தை ஒரு வருசத்துக்கு மாதாமாதம் அனுப்பக் கேளுங்கள். ஒருவரால் முடியாவிட்டால் நாலு குடும்பம் சேர்ந்து அனுப்பட்டும். பழைய கணினிகள் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகளைச் சாப்பாட்டுத் தட்டோடு நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்பவர்களுக்கு, படத்துக்குப் பதிலாக வாசிப்புப் படிநிலை அட்டவணையை அனுப்புங்கள். எழுத்தில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் பந்திக்கு வந்தார்கள் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துத் தொடர்ந்து அனுப்புகிறவர்கள்தான் கடைசி வரைக்கும் நிற்பார்கள்.

நிறுத்த வேண்டி வந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். தவணை நடுவில் நிறுத்தக் கூடாது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு மாதம் முன்னரே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்ற தாளை வகுப்பாசிரியரிடம் கையில் கொடுக்க வேண்டும். ரீச்சர் பிள்ளைகளுக்குக் கடைசி மாதச் சம்பளம் பாக்கி இருக்கக் கூடாது. இதற்கு மூன்று மாத வகுப்புச் செலவு, எங்கள் கணக்கில் 1,50,600 ரூபா, வகுப்பின் பெயரில் நிலையான வைப்பில் இருக்க வேண்டும். அது சேர்கிற வரைக்கும் தூளை மட்டும் விற்றுக்கொண்டிருங்கள், வகுப்பைத் திறக்க வேண்டாம். பிறகு செத்தல் மலிவாக வந்தாலும், பெரிய ஓடர் வந்தாலும், அந்த வைப்பை உடைத்துச் சரக்கு வாங்கக் கூடாது என்று இரண்டு கையொப்பக்காரரும் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.